தீயை முந்துவோம், தோழர்களே!

கேம்பிரிட்ஜில் படித்தவர்களே, படிக்கிறவர்களே, அங்கே கல்லூரிச் சமையற்கட்டிலும் நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்க்கிற தமிழ்த் தோழர்களே! லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தபடி நம் முன்னோரைத் தேடுகிற பால்புதுமையினரே! உங்கள் அத்தனை பேரையும் அழைக்கிறேன். பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது. அதற்குக் கிடைத்திருக்கும் காலமோ மிகக் குறைவு.

இங்கிலாந்தில் ஆணும் ஆணும் சேர்வது குற்றம் என்ற சட்டம் 1967 ஜூலையில்தான் தளர்ந்தது. அப்போதும் முழுதாகத் தளரவில்லை. இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், யார் கண்ணிலும் படாத தனியிடமாக இருக்க வேண்டும். அன்று இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எண்பது நெருங்குகிறது. சிறைக்குப் பயந்துகொண்டே காதலித்தவர்கள் அவர்கள். கல்லூரி அறையின் கதவைத் தாழிட்டுவிட்டுக் கடிதம் எழுதியவர்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவர்களில் சிலர் போய்விடுகிறார்கள். போன மறுவாரமே வீட்டைக் காலிசெய்ய அண்ணன் மகனோ தங்கை மகளோ வருகிறார்கள். கட்டில், அலமாரி, பாத்திரங்கள் எல்லாம் கணக்கெடுக்கப்படுகின்றன. நாடா கட்டிய கடிதக்கட்டும், பின்பக்கம் ஒரு பெயர் மட்டும் எழுதிய புகைப்படமும் கறுப்புப் பையில் விழுகின்றன. அந்தப் பை தெருமுனைக்குப் போவதற்குள் நாம் போய்ச் சேர வேண்டும், தோழர்களே!

கேம்பிரிட்ஜ் 1209 முதல் இருக்கிற பல்கலைக்கழகம். 31 கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி உணவுக்கூடம், தனி ஆவணக் காப்பகம்; பலவற்றுக்குத் தனி வழிபாட்டுக்கூடமும் உண்டு. இந்த அமைப்பு தெரியாமல் நம் வரலாற்றை அங்கே தேட முடியாது. ஃபெலோ என்று அழைக்கப்படும் கல்லூரி ஆசிரியர்கள் திருமணம் செய்தால் பதவி போய்விடும் என்ற விதி நூற்றாண்டுக் கணக்கில் நீடித்து, 1882இல்தான் எல்லாக் கல்லூரிகளிலும் முடிவுக்கு வந்தது. அதுவரை அந்த மதில்களுக்குள் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் பிரம்மச்சாரிகள். ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே மாடிப்படியில் ஏறி, இரவில் ஒரே வாசல் பூட்டப்படும் ஆண்களின் உலகம் அது. திருமணமாகாதவனை யாரும் ஏன் என்று கேட்காத இடம். அதே சமயம், ஒருவன் வாய் திறந்தால் இன்னொருவன் வாழ்க்கையே போய்விடும் இடம். பாதுகாப்பும் ஆபத்தும் ஒரே கதவுக்குள் இருந்ததால்தான் நம்மவர்கள் அங்கே அத்தனை பேர் வாழ்ந்தார்கள். அதனாலேயே அவர்கள் விட்டுப்போன தடயம் இத்தனை குறைவு.

குறைவு என்றால் இல்லை என்று பொருளா? கிறைஸ்ட்ஸ் கல்லூரியின் வழிபாட்டுக்கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. இரண்டு ஆண்களின் உருவங்கள் அருகருகே, இரண்டையும் இணைத்து முடிச்சிட்ட ஒரு துணி, எல்லாம் பளிங்கில் செதுக்கியவை. ஒருவர் சர் ஜான் ஃபின்ச், மற்றவர் சர் தாமஸ் பெய்ன்ஸ். 1640களில் அந்தக் கல்லூரியில் மாணவர்களாகச் சந்தித்தார்கள். இருவரும் மருத்துவம் படித்தார்கள், இத்தாலிக்குச் சேர்ந்து போனார்கள். ஃபின்ச் ஓட்டோமான் பேரரசுக்கு இங்கிலாந்தின் தூதராகப் போனபோது பெய்ன்ஸும் கூடவே போனார். 1681இல் பெய்ன்ஸ் கான்ஸ்டான்டிநோபிளில் இறந்தார். ஃபின்ச் அவர் உடலைப் பதப்படுத்திக் கப்பலேற்றி, அத்தனை கடலும் கடந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டே தானும் இறந்து, அவர் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். தங்கள் உறவை ஃபின்ச் ஆன்மாக்களின் திருமணம் என்றே லத்தீனில் எழுதினார். இருவர் பேரிலும் கல்லூரிக்கு அறக்கட்டளை இருக்கிறது. நினைவுச்சின்னத்தின் வாசகத்தை எழுதியவர் அவர்களுடைய பழைய ஆசிரியர் ஹென்றி மோர். அதாவது இது திருட்டுத்தனமாக வைத்த கல் அல்ல. ஆசிரியர் அறிய, கல்லூரி அறிய, கடவுள் சன்னிதியில் வைத்தது.

கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியிலும் இப்படி ஒன்று உண்டு. அங்கே தலைவராக இருந்த தாமஸ் லெக் 1607இல் இறந்தார். அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியவர் ஜான் காஸ்லின். எரியும் இதயம் ஒன்றை இரண்டு கைகள் சேர்ந்து ஏந்தி நிற்கும் சிற்பம் அதில் இருக்கிறது. வாழும்போது அன்பு சேர்த்துவைத்த இருவரை மண்ணும் சேர்த்துவைக்கட்டும் என்ற வேண்டுதல் லத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது. காஸ்லினும் பின்னாளில் அதே கல்லூரிக்குத் தலைவரானார்.

இவர்கள் படுக்கையில் என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லவும் வேண்டாம். இன்று நாம் நமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்களை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரு கணவன் மனைவியின் கல்லறையைப் பார்த்து யாரும் ஆதாரம் கேட்பதில்லை. இரண்டு ஆண்கள் என்றதும் வழக்கறிஞர் போலக் குறுக்கு விசாரணை தொடங்குகிறார்களே, அதை நாம் ஏற்கக் கூடாது. ஆலன் பிரே என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கல்லறைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் எழுதிய நூல் 2003இல், அவர் மறைந்த பிறகு, வெளிவந்தது. வழிபாட்டுக்கூடச் சுவரில் முந்நூறு ஆண்டு கண்ணெதிரே இருந்த சின்னத்தை நம் பக்கத்திலிருந்து ஒருவர் நின்று பார்த்ததால்தான் அதன் கதை நமக்குக் கிடைத்தது. பார்க்கிறவர் வேண்டும் தோழர்களே, அவ்வளவுதான்.

சட்டத்தின் கதையையும் அங்கேயே படித்துக்கொள்ளலாம். ஆண்களின் உறவுக்குத் தூக்குத்தண்டனை விதித்த முதல் சட்டத்தை 1533இல் கொண்டுவந்தவர் எட்டாம் ஹென்றி. அதே ஹென்றிதான் 1546இல் டிரினிட்டி கல்லூரியை நிறுவினார். அந்தக் குற்றத்துக்காக இங்கிலாந்தில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர்கள் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இரண்டு பேர், 1835இல், லண்டன் நியூகேட்டில். இருவரும் உழைப்பாளி வர்க்கம். மரணதண்டனை 1861இல்தான் நீங்கியது. இப்போது டிரினிட்டி வழிபாட்டுக்கூடத்தின் முன்மண்டபத்துக்கு வாருங்கள். அங்கே மெக்காலேயின் பளிங்குச் சிலை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கல்லூரியின் ஃபெலோ அவர். நம் ஊருக்கு 377ஆம் பிரிவைத் தந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவு 1837இல் அவர் தலைமையில் உருவானது. அதே வழிபாட்டுக்கூடத்தில் தத்துவவாதி விட்கென்ஸ்டைனுக்கும் பித்தளைப் பட்டயம் உண்டு. ஆண்களைக் காதலித்தவர் அவர். தன் முதல் நூலை, இளம் வயதில் மாண்ட டேவிட் பின்சென்ட் என்ற தோழனின் நினைவுக்குக் காணிக்கையாக்கியவர். நம்மைக் குற்றவாளியாக்கிய கையும், அந்தக் குற்றத்துக்குள் வாழ்ந்த உயிரும் ஒரே கூரையின் கீழ் மரியாதை பெறுகின்றன.

அந்தச் சட்டம் டிரினிட்டி வாசலோடு நின்றுவிடவில்லை. தூத்துக்குடிக் காவல் நிலையம்வரை வந்தது, 2018 செப்டம்பர் 6 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. இலங்கைக்கு 1883இல் போன தண்டனைச் சட்டத்தின் 365ஆம் பிரிவும் 365அ பிரிவும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கேம்பிரிட்ஜின் இந்தக் கதை நமக்கு அந்நியம் என்று எவராவது சொன்னால் அந்த 365ஐக் காட்டுங்கள்.

இனி தீயைப் பற்றிப் பேசுகிறேன். நம் வரலாற்றை அழித்தவர்கள் பெரும்பாலும் எதிரிகள் அல்லர். நண்பர்கள், பதிப்பாளர்கள், குடும்பத்தார், சில நேரம் நாமே. கவிஞர் பைரன் 1805இல் டிரினிட்டியில் சேர்ந்தார். பாடகர் குழுவில் இருந்த ஜான் எடில்ஸ்டன் என்ற இளைஞனை நேசித்தார். அவன் 1811இல் இறந்தபோது எழுதிய இரங்கற் பாக்களில் ஒரு பெண்பெயரைப் போட்டு மறைத்தார். பைரனின் நினைவுக்குறிப்புகளை 1824இல் அவருடைய நண்பர்களும் பதிப்பாளரும் கூடி, லண்டனில் பதிப்பாளர் வீட்டுக் கணப்பில் போட்டு எரித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மடம் ஏற்க மறுத்த அவர் சிலை மட்டும் டிரினிட்டி நூலகத்தில் நிற்கிறது.

அடுத்து ஜான் ஆடிங்டன் சிமண்ட்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து மோட்லின் கல்லூரியில் ஃபெலோ ஆனவர். ஆண்காதலைப் பற்றி அவர் எழுதிய கவிதைகள் கண்டு அவருடைய நண்பர் ஹென்றி சிட்ஜ்விக் பதறினார். சிட்ஜ்விக் டிரினிட்டியின் தத்துவ ஆசிரியர், நியூனம் கல்லூரி எழக் காரணமானவர், நல்ல மனிதர். அந்த நல்ல மனிதர் கவிதைகளை ஒரு கறுப்புத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை ஏவன் ஆற்றில் எறிந்தார். பின்னாளில் சிமண்ட்ஸ் தன் வாழ்க்கையை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்துவிட்டு 1893இல் இறந்தார். அவருடைய காகிதங்கள் 1926இல் லண்டன் நூலகத்தின் கைக்கு வந்தன. எட்மண்ட் காஸ் என்ற எழுத்தாளரும் நூலகத் தலைவரும் சேர்ந்து, அந்த நினைவுக்குறிப்பு ஒன்றைத் தவிர மற்றவற்றை எரித்தார்கள். அதைக் காஸ் சிமண்ட்ஸின் பேத்தியிடமே சொன்னார், அவர் கொதித்துப்போனார். ஜேனட் வான் என்ற அந்தப் பேத்தி பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டின் சமர்வில் கல்லூரிக்கு முதல்வரானவர். நினைவுக்குறிப்பு தப்பியதற்கு ஒரே காரணம், ஐம்பது ஆண்டு வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு அது நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்ததுதான். 1984இல் அச்சேறியது.

பூட்டைக் கண்டு நான் பயப்படவில்லை. தேதி குறித்துப் போட்ட பூட்டு ஒருநாள் திறக்கும். தீக்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

பெண்களின் கதை இன்னும் கடினம், ஆகவே இன்னும் அவசரம். இங்கிலாந்துச் சட்டம் பெண்ணும் பெண்ணும் சேர்வதைக் குற்றமாக எழுதவே இல்லை. 1921இல் எழுத முயன்றார்கள், பிரபுக்கள் அவை தள்ளிவிட்டது. பெண்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியக்கூடாது என்பதுதான் அங்கே ஒலித்த வாதம். வழக்கு இல்லை என்றால் காவல்துறைக் கோப்பும் இல்லை, நீதிமன்றப் பதிவும் இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுத்ததே 1948இல்தான். நியூனமும் கர்ட்டனும் அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டன, அங்கே பெண்கள் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய உறவுக்கு ஆதாரம் கடிதம் ஒன்றுதான். அந்தக் கடிதங்களும் போயின. நியூனமின் பெரும் அறிஞர் ஜேன் ஹாரிசன் 1922இல் கேம்பிரிட்ஜை விட்டுப் புறப்பட்டபோது தன் காகிதங்களைத் தானே எரித்துவிட்டுப் போனார். போனது தன் பழைய மாணவி ஹோப் மிர்லீஸோடு பாரிசுக்கு. 1928இல் சாகும்வரை இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள்.

அந்த மிர்லீஸ் 1920இல் பாரிஸ் நகரைப் பற்றி ஒரு நீள்கவிதை வெளியிட்டார். வர்ஜீனியா வுல்ஃப் தன் வீட்டு அச்சகத்தில் கையாலேயே எழுத்துக் கோத்தார். அதன் கடைசிப் பக்கத்தில் சொற்களுக்குக் கீழே சில நட்சத்திரக்குறிகள், சப்தரிஷி மண்டலத்தின் வடிவில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அது ஹாரிசனுக்கும் மிர்லீஸுக்கும் இடையே ஓடிய தனி அடையாளம். அச்சுக்கோப்பில் பிழை என்று கடந்துபோகக்கூடிய ஏழு புள்ளிகள்! எரித்த காகிதங்களுக்குப் பிறகு அவர்கள் காதலுக்கு மிஞ்சிய சாட்சிகளில் அதுவும் ஒன்று. மிர்லீஸ் தன் தோழியின் வாழ்க்கையை எழுத ஆண்டுக்கணக்கில் முயன்று, முடிக்காமலே போனார். அந்தக் குறிப்புகள் நியூனம் காப்பகத்தில் இருக்கின்றன.

அதே 1928 அக்டோபரில் வுல்ஃப் நியூனமிலும் கர்ட்டனிலும் பேசினார். அடுத்த மாதம் ராட்கிளிஃப் ஹாலின் நாவல் பெண்காதலைப் பேசியதற்காக லண்டன் நீதிமன்றத்தில் தடைசெய்யப்பட்டது. தீர்ப்பளித்தவர் சார்ட்டர்ஸ் பைரன் என்ற நீதிபதி. மறு ஆண்டு தன் சொற்பொழிவை வுல்ஃப் நூலாக்கியபோது, ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவதைச் சொல்லும் முன்பு, திரைக்குப் பின்னால் அந்த நீதிபதி ஒளிந்திருக்கவில்லையே என்று கேட்டுக்கொள்கிறார். கல்லூரித் தோட்டத்தில் ஹாரிசனின் உருவம் கடந்துபோகிறது, பெயராக இரண்டு முதலெழுத்துகள் மட்டும். இப்படித்தான் எழுத வேண்டியிருந்தது.

எரித்தவர்களின் கதைக்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு, அதில் ஒரு தமிழர் இருக்கிறார். பொன்னம்பலம் அருணாசலம் 1870களின் தொடக்கத்தில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்தார். ஆம், ஃபின்ச்சும் பெய்ன்ஸும் உறங்கும் அதே கல்லூரி. அங்கே அவருக்கு நண்பரானவர் டிரினிட்டி ஹால் கல்லூரியின் இளம் ஃபெலோ எட்வர்ட் கார்ப்பெண்டர். கார்ப்பெண்டர் 1874இல் பதவியையும் பாதிரி அங்கியையும் உதறிவிட்டு வடக்கே போய்த் தொழிலாளர்களோடு வாழ்ந்தார், சோசலிசம் பேசினார். அருணாசலம் அவருக்குப் பகவத்கீதை அனுப்பினார். 1890இல் கார்ப்பெண்டர் இலங்கைக்கு வந்தார். அருணாசலம் அவரைக் குருநாகலில் இருந்த ராமசுவாமி என்ற தமிழ் ஞானியிடம் அழைத்துப்போனார். அந்த ஞானியிடம் பாடம் கேட்டுவிட்டு இங்கிலாந்து திரும்பிய காலத்தில்தான் கார்ப்பெண்டர் ஜார்ஜ் மெரிலைச் சந்தித்தார். மெரில் ஷெஃபீல்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். இருவரும் மில்தார்ப் கிராமத்தில் ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆஸ்கர் வைல்டுக்கு 1895இல் இரண்டு ஆண்டு கடுங்காவல் கிடைத்து, நாடே வாய்மூடிக் கிடந்த நேரம் அது. கார்ப்பெண்டர் ஆண்காதலைப் பற்றி எழுதுவதை நிறுத்தவில்லை. 1908இல் அவர் வெளியிட்ட நூல் எத்தனையோ பேருக்குத் தாங்கள் தனியாள் இல்லை என்று காட்டியது.

அருணாசலத்துக்கும் கார்ப்பெண்டருக்கும் இடையே இருந்தது நட்பு. அதற்குமேல் நான் பெயர் சூட்டமாட்டேன். அருணாசலம் எழுதிய கடிதங்களைக் கார்ப்பெண்டர் பாதுகாத்தார், நண்பர் மறைந்தபின் 1927இல் நூலாகவும் கொண்டுவந்தார். நான் கேட்பதும் அதையேதான்: கடிதத்தை எறியாதே, அச்சில் ஏற்று.

சங்கிலி அங்கே அறவில்லை. கிங்ஸ் கல்லூரியில் படித்த ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913இல் மில்தார்ப்புக்கு வந்தார். மெரில் அவரை இடுப்புக்குக் கீழே மெல்லத் தொட்டார். அந்தத் தொடுதலில்தான் 'மாரிஸ்' நாவல் பிறந்தது என்று ஃபார்ஸ்டரே எழுதி வைத்திருக்கிறார். கேம்பிரிட்ஜில் தொடங்கும் கதை அது, இரண்டு ஆண்கள் இறுதியில் ஒன்றுசேரும் கதை. அவர்கள் சாகவில்லை, தண்டிக்கப்படவில்லை, அதனாலேயே அதை வெளியிட முடியவில்லை. தட்டச்சுப் பிரதி நண்பர்கள் கைகளில் சுற்றியது. அரை நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்து, 1970இல் ஃபார்ஸ்டர் இறந்தபின் 1971இல்தான் வந்தது. இப்படிக் காத்தவரே, தன் ஆசானும் நண்பருமான லோவ்ஸ் டிக்கின்சனின் வரலாற்றை 1934இல் எழுதியபோது அவருடைய ஆண்காதலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. சட்டம் அப்படி. டிக்கின்சனின் தன்வரலாறு 1973இல் வெளிவந்தது. கிங்ஸின் இன்னொரு மகன், பொருளாதார அறிஞர் கெய்ன்ஸுக்கும் இதே கதிதான். 1951இல் வந்த பெரிய வரலாற்று நூலில் பொருளாதாரம் எல்லாம் இருந்தது, ஓவியர் டங்கன் கிராண்டோடு இருந்த காதல் இல்லை.

கணித மேதை ஆலன் டூரிங்கின் பெயர் உங்களுக்குத் தெரியும். 22 வயதில் கிங்ஸின் ஃபெலோ ஆனவர். 1952 மார்ச்சில் தண்டிக்கப்பட்டு, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சைக்கு உடன்பட்டவர். 1954 ஜூன் 7 அன்று இறந்தவர். 2009இல் பிரதமர் மன்னிப்புக் கேட்டார், 2013இல் அரச மன்னிப்பு வந்தது, 2021இல் 50 பவுண்ட் நோட்டில் முகம் வந்தது, 2024இல் கிங்ஸ் வளாகத்தில் ஆன்டனி கோர்ம்லியின் எஃகுச் சிற்பம் எழுந்தது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் அந்த வழக்கில் இன்னொருவரும் கூண்டில் நின்றார் தோழர்களே! ஆர்னால்ட் மரே, 19 வயது, வேலையில்லாத ஏழை இளைஞன். அவனுக்கு எந்த நோட்டில் இடம்? ஒரு மேதைக்கு மன்னிப்பு வந்த பிறகு, மேதை அல்லாத மற்றவர்களின் குடும்பங்கள் 2017வரை காத்திருந்து போராடியே அதே மன்னிப்புக்கான சட்டத்தைப் பெற்றன. டூரிங்கின் முழு வாழ்க்கையையும் உலகுக்குச் சொன்ன நூல்கூட அரசு எழுதியதில்லை. தன்பாலீர்ப்பாளர் விடுதலை இயக்கத்திலிருந்து வந்த கணிதவியலாளர் ஆண்ட்ரூ ஹாட்ஜஸ் 1983இல் எழுதியது.

இங்கேதான் நம் தேடலின் ஓட்டை இருக்கிறது. சிலை வைக்கத்தக்கவர்களையே தேடிக்கொண்டிருக்கிறோம். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் மாணவர் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களைப் பெட்டர் என்பார்கள். விடியற்காலையில் ஒவ்வொரு கதவையும் தட்டித் திறப்பவர்கள் அவர்கள். எந்தப் படுக்கை கலையாமல் கிடந்தது, எதில் இரண்டு தலையணை அழுந்தியிருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். எத்தனை பெட்டர்கள் பார்த்தும் பாராதது போல விரிப்பை உதறிவிட்டு நகர்ந்திருப்பார்கள்! அவர்கள் ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் எத்தனை ஃபெலோக்களின் வாழ்வு முடிந்திருக்கும்! நுழைவாயில் காவலில் இருந்த போர்ட்டர்கள், சமையல்காரர்கள், ஊருக்குள் இருந்த காதலர்கள், இவர்களை யார் கேட்டார்கள்? ஓய்வுபெற்ற பெட்டர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். எந்தப் பேராசிரியர் தன்வரலாற்றிலும் இல்லாதது அங்கே கிடைக்கும்.

நம் வரலாறு புனிதர்களின் வரிசையாகவும் இருக்க வேண்டாம். 1739இல் ஆக்ஸ்ஃபோர்டு வாதம் கல்லூரியின் தலைவர் தன் மாணவனிடம் அத்துமீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நாட்டைவிட்டே ஓடினார். அதிகாரத்தைக் கொண்டு ஒரு மாணவனை நெருக்கியதும் காதலும் ஒன்றல்ல. அதையும் அதன் பெயரிலேயே எழுதிவைப்போம். நாம் எழுதாவிட்டால் நம் எதிரிகள் எழுதுவார்கள், இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவார்கள்.

திருநர் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் படகுக் குழுவில் துடுப்புப் போட்ட மைக்கேல் டில்லன், பிற்பாடு 1940களில் அறுவை சிகிச்சை மூலம் ஆணுடல் பெற்ற திருநம்பி. செய்தித்தாள்கள் 1958இல் அவரை அம்பலப்படுத்தின. இந்தியா வந்து பௌத்தத் துறவியானார், 1962இல் டல்ஹவுசியில் இறந்தார். இறப்பதற்குச் சற்றுமுன் தன்வரலாற்றை லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அதை எரிக்க வேண்டும் என்றது குடும்பம். எரிக்காமல் வைத்திருந்த ஒரு முகவரால்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது புத்தகமானது. இங்கிலாந்தில் இன்று திருநரின் இருப்பே நீதிமன்றத்திலும் பத்திரிகைகளிலும் விவாதப்பொருளாகியிருக்கும் நேரத்தில், நேற்று முளைத்தவர்கள் என்று உங்களைச் சொல்கிறவர்களுக்கு டில்லனின் பக்கங்களை எடுத்துக் காட்டுங்கள். உங்கள் பக்கங்களையும் எழுதத் தொடங்குங்கள்.

2025இல் கேம்பிரிட்ஜின் வேந்தராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிறிஸ் ஸ்மித், 1984இல் பதவியில் இருந்துகொண்டே தான் தன்பாலீர்ப்பாளர் என்று கூட்டமேடையில் அறிவித்த பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர். வேந்தரே நம்மவர், இனி என்ன குறை என்று கைகட்டி இருந்துவிடலாமா? அவர் பேசிய நான்கே ஆண்டில், 1988இல், பள்ளிகளிலும் உள்ளூர் மன்றங்களிலும் நம்மைப் பற்றிப் பேசவிடாமல் தடுக்கும் 28ஆம் பிரிவு வந்தது. இங்கிலாந்தில் அது 2003வரை இருந்தது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிய கதை இது. மறுபடியும் பிடுங்க வந்தால், எழுதிவைத்தது மட்டுமே நம் கையில் இருக்கும்.

என்ன செய்ய வேண்டும்? 31 கல்லூரிகளுக்கும் 31 காப்பகங்கள் என்றேன். கல்லூரிக்கு ஒருவராகப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். காப்பாளரிடம் போய், பால்புதுமையினர் பற்றிய காகிதம் ஏதேனும் வருமானால் ஏற்பீர்களா, மூடி வைக்கும் நிபந்தனைக்குச் சம்மதிப்பீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் 'நண்பர்' என்று எழுதியிருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, திருத்தம் கேளுங்கள். எண்பதை எட்டியவர்களின் குரலைப் பதிவுசெய்யுங்கள். அவர்கள் சம்மதம் முதலில். பெயர் வேண்டாம் என்றால் பெயர் வேண்டாம். முப்பது ஆண்டு கழித்துத் திறக்கட்டும் என்றால் அப்படியே. இன்னும் உயிரோடு இருக்கும் ஒருவரின் கதவை அவர் அனுமதியின்றித் திறப்பவர் நம் தோழர் அல்ல.

தமிழ்த் தோழர்களே, ஒரு வேலை உங்களால் மட்டுமே முடியும். யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் நூற்றைம்பது ஆண்டுகளாக நம்மவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் நம்மைப் போன்றவர்கள் இல்லாமல் இருந்திருப்பார்களா? அவர்கள் நெஞ்சைத் திறந்து எழுதியிருந்தால் தமிழில்தான் எழுதியிருப்பார்கள். அங்கே பக்கத்து அறைக்காரனுக்குப் புரியாத மொழி, அதுவே அவர்களுக்குப் பூட்டு. அந்தக் கடிதங்கள் கேம்பிரிட்ஜில் இல்லை. நல்லூரிலும் மயிலாப்பூரிலும் ஈப்போவிலும், ஊருக்கு வந்து சேர்ந்த டிரங்குப்பெட்டிகளின் அடியில் இருக்கின்றன. எந்த ஆங்கிலக் காப்பாளரும் அவற்றைத் தேடி வரமாட்டார், வந்தாலும் படிக்கமாட்டார். உங்கள் பெரியப்பாவின் பெட்டியை, திருமணமே செய்துகொள்ளாமல் மாண்ட அத்தையின் பெட்டியை நீங்கள்தான் திறக்க வேண்டும். இலங்கையில் இருக்கும் தோழர்கள் கவனமாக இருங்கள். சட்டம் இன்னும் அங்கே பாய்கிறது. மின்படியெடுத்து நாட்டுக்கு வெளியே ஒரு பிரதி வைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

2005 முதல் பிரிட்டனில் ஒவ்வொரு பிப்ரவரியும் நம் வரலாற்று மாதம். வானவில் கொடி ஏற்றுவார்கள், சொற்பொழிவு வைப்பார்கள். வருகிற பிப்ரவரியில் கொடிக்கம்பத்தின் கீழே கூடும்போது ஆளுக்கொரு பதிவைக் கொண்டுவந்து ஒப்படைப்போம். இந்த வாரமே பட்டியல் போடுங்கள், வயதில் மூத்தவரின் பெயரை முதலில் எழுதுங்கள். அவருக்கு இன்றிரவே தொலைபேசுங்கள். போய் உட்கார்ந்து, சம்மதம் வாங்கி, கருவியை ஓடவிட்டு, கல்லூரியில் அவருடைய மாடிப்படியில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டி வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்புங்கள்.